இங்கிலீஷ் எழுத்தா? மனப்பாட அர்ச்சனையா?

நமது பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் கற்றுக் கொடுக்கப்படுகின்றது என்று யாவரும் சொல்லிக் கொள்ளுகின்றார்கள். சர்க்கார் சொல்லுகின்றது. உபாத்தியாயர்கள் சொல்லுகின்றார்கள். கூலி வேலை செய்து நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுக்கின்ற பெற்றோர்களும் அப்படியே நம்பிக் கொண்டிருக்கின்றார்கள். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் பன்னிரண்டு வருஷ காலம் அனேகமாகத் தினம் ஒரு பீரியட் இந்தப் பாஷைக்காகச் செலவாகின்றது. இந்தப் பன்னிரண்டு வருஷமும் கழிந்த பிறகு, கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டு, "தம்பி, உங்கள் ஊர் ஏரி மதகு உடைந்து கிடக்கின்றதே, அதைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி எழுது, பார்க்கலாம்" என்றால், பேனாவைக் கடித்துக் கொண்டு நிற்கின்றான். அதே பையனை, "பத்தாம் வகுப்பில் படித்த இங்கிலீஷ் பாராவைச் சொல்லு" என்றால் மூச்சு விடாமல் ஒப்பித்து விடுகின்றான். ஒப்பித்ததற்கு அர்த்தம் கேட்டால் மறுபடியும் பேனாவைக் கடிக்கின்றான். இதற்குப் பெயர் படிப்பா என்று கேட்கின்றோம்.

இப்படிக் கேட்டால் உடனே ஒரு கூட்டம் எழுந்து, "பட்டிக்காட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது சார், மண்டையில் ஏறாது" என்று சொல்லி விடுகின்றது. இது நமது ஜனங்களை இரண்டாயிரம் வருஷமாக ஏமாற்றி வந்த பழைய பல்லவியே தவிர வேறல்ல. ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாமல் நூற்றைம்பது வார்த்தைகளை வரிசை பிசகாமல் மண்டைக்குள் ஏற்றிக் கொள்ளுகின்ற பையன் மந்தம் என்றால், உலகத்தில் புத்திசாலி என்று யாரைச் சொல்லுவது? அர்த்தம் தெரிந்து கற்பதைவிட அர்த்தம் தெரியாமல் கற்பதுதானே பத்து மடங்கு கஷ்டம்! அந்தக் கஷ்டமான வேலையைச் செய்கின்ற மூளைக்குச் சுலபமான வேலை வராது என்று சொல்லுகின்றவர்களின் மூளையைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகமாய் இருக்கின்றது.

பள்ளிக்கூடத்தில் நடப்பது என்ன என்று பார்ப்போம். கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் பல பிள்ளைகளுடைய இங்கிலீஷ் நோட்டுகளை நாம் வாங்கிப் பார்த்திருக்கின்றோம். அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பார்ப்பதற்கு வெகு லட்சணமாக இருக்கின்றன. கையெழுத்து முத்து முத்தாக இருக்கின்றது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரு சரி போட்டு, தேதியும் கையெழுத்தும் இருக்கின்றது. ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது நோட்டிலும் ஒரே பாரா, அதே வாக்கியம், முற்றுப்புள்ளிகூட அதே இடத்தில். அது மாத்திரமா? நாற்பது நோட்டிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை! ஏனென்றால் அந்தப் பிழை கரும்பலகையில் இருந்தது, அல்லது கடையில் விற்கின்ற நோட்ஸில் இருந்தது. பிள்ளை சொந்தமாக ஒரு பிழை செய்வதற்குக்கூட நமது பள்ளிக்கூடத்தில் சுதந்திரம் இல்லை.

கடிதம் எழுதக் கற்றுக் கொடுக்கின்ற அழகையும் கேளுங்கள். மேலே அனுப்புகின்றவர் விலாசம், கீழே பெறுகின்றவர் விலாசம், "ரெஸ்பெக்டட் சார்", கடைசியில் "தேங்கிங் யு". இவ்வளவுக்கும் தனித்தனியாக மார்க்கு. பரீக்ஷையில் பிள்ளை தன் பெயரையும் ஊரையும் காட்டிக் கொள்ளக் கூடாது என்பதற்காக, பெயருக்குப் பதில் 'எக்ஸ் எக்ஸ் எக்ஸ்' என்றும் ஊருக்குப் பதில் 'ஒய் ஒய் ஒய்' என்றும் எழுதப் பழக்குகின்றார்கள். பரீக்ஷை நாளில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் வருஷம் முழுவதும் வகுப்பிலும் அதே எக்ஸும் ஒய்யும்தான் நடக்கின்றன. தன் பெயரோ, தன் ஊரோ, தனக்கு ஒரு காரியமோ இல்லாத ஒருவன், இன்னொரு எக்ஸுக்கு எழுதுகின்ற கடிதமே நமது பிள்ளைகள் கற்கின்ற கடிதம். விஷயமோ, பிறந்த நாளைக்குக் கைக்கடியாரம் அனுப்பிய மாமாவுக்கு நன்றி சொல்லுவது! மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போகின்ற வீட்டுப் பிள்ளைக்கு எந்த மாமா கைக்கடியாரம் பார்சல் அனுப்புகின்றார்? அனுப்பினாலும், அந்த மாமாவுக்கு நன்றியை இங்கிலீஷில் எழுதினால் அவர் என்ன செய்வார்? யாரிடமாவது கொண்டு போய்ப் படித்துச் சொல்லச் சொல்லுவார்.

திருவண்ணாமலை பெரிய கோயிலில் நடக்கின்ற அர்ச்சனைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பாருங்கள். பக்தன் பெயரும் நட்சத்திரமும் சொல்லுகின்றான். மற்றதெல்லாம் அர்ச்சகர் சமஸ்கிருதத்தில் சொல்லிக் கொள்ளுகின்றார். அவர் என்ன சொன்னார் என்பது பக்தனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்பதே அங்கு ஏற்பாடு. இங்கேயும் பிள்ளை ரிஜிஸ்டர் நம்பரைப் போடுகின்றான். மற்றதெல்லாம் நோட்ஸ் எழுதியவர் சொல்லி விடுகின்றார். அங்கே விபூதி கிடைக்கின்றது. இங்கே முப்பத்தைந்து மார்க்கு கிடைக்கின்றது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி விட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கின்ற கூட்டத்தைப் பார்த்து நாம் பரிகாசம் செய்கின்றோம். ஆனால் நமது பிள்ளைகள் பன்னிரண்டு வருஷம் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்பதைப் பார்த்து நமக்கு வெட்கம் வரவில்லை.

"போகட்டும், இங்கிலீஷ் எழுதத் தெரியாவிட்டால் என்ன முழுகிப் போய்விட்டது? நமக்குத் தமிழ் இருக்கின்றது" என்று சில தோழர்கள் கேட்கலாம். தமிழ் இருக்கின்றது என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. தாலுகா ஆபீசில் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம் என்று ஆனது நல்ல காரியம். ஆனால் அந்தத் தாலுகா ஆபீசுக்கு மேலே என்ன இருக்கின்றது என்று பாருங்கள். ஒரு குடியானவனுடைய பூமி வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டுக்குப் போகின்றது என்று வைத்துக் கொள்ளுவோம். அரசியல் சட்டம் 348வது பிரிவின்படி அங்கே பாஷை இங்கிலீஷ். தமிழையும் ஹைக்கோர்ட்டு பாஷையாக்க வேண்டும் என்று 2006ம் வருஷத்தில் நமது சட்டசபை தீர்மானம் போட்டும் இதுவரை காரியம் நடக்கவில்லை. ஆகவே அந்தக் குடியானவன் சொன்னதாக ஒரு பிரமாணப் பத்திரம் இங்கிலீஷில் தயாராகின்றது. "நான், நான்" என்று அதில் வாக்கியத்துக்கு வாக்கியம் இருக்கும். கடைசியில், "இது எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, நான் புரிந்து கொண்டேன்" என்றும் இங்கிலீஷிலேயே எழுதியிருக்கும்! அதன் கீழே அவன் கையெழுத்துப் போடுகின்றான். தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்குத் தெரியாது. முன்பு ஊர்க் கர்ணம் எழுதியதே கணக்கு என்று இருந்தது. 1980ல் அந்தப் பரம்பரைக் கர்ண உத்தியோகம் ஒழிந்தது. ஆனால் கர்ணத்தின் பேனா மாத்திரம் ஒழியாமல் பாஷை மாறி மேலே போய் உட்கார்ந்து கொண்டது.

காலேஜும் அப்படியே. என்ஜினீயரிங், டாக்டர் படிப்பு, சட்டம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே பரீக்ஷை. வேலைக்கு விண்ணப்பம் இங்கிலீஷில். வேலை கிடைத்த பிறகு மேலதிகாரிக்கு ஒரு காரணம் எழுதிக் கொடுப்பதும் இங்கிலீஷில். அங்கே நோட்ஸ் கிடையாது. நமது வீட்டில் முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த பையனும் பெண்ணும் அங்கே போய் ஊமையாய் நிற்கின்றார்கள். பாடம் புரியாமல் அல்ல. புரிந்ததை எழுதத் தெரியாமல். அதே வகுப்பில், மூன்று தலைமுறையாக இங்கிலீஷில் கடிதம் போட்டுக் கொள்ளுகின்ற வீட்டுப் பிள்ளை, பாடம் பாதி புரிந்தாலும் முழுப் பக்கம் எழுதி மார்க்கு வாங்கிக் கொண்டு போகின்றான். இதற்குப் பெயர் தகுதி, திறமை!

இன்னொரு விஷயத்தையும் மறக்கக் கூடாது. ஹிந்தி வேண்டாம் என்று 1938லும் 1965லும் நாம் போராடினோம். நடராசனும் தாளமுத்துவும் 1939ல் சிறைத் தண்டனை காலத்தில் உயிரை விட்டார்கள். 1968 ஜனவரியில் தமிழும் இங்கிலீஷும் போதும் என்று சட்டசபையில் தீர்மானம் செய்தோம். இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்டு வாங்கினவர்கள் நாம். கேட்டு வாங்கியதை ஏழைப் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரும்படி செய்யாமல், பட்டணத்துப் பணக்காரர்களும் பழைய படிப்பாளிகளும் மாத்திரம் அனுபவிக்கும்படி விட்டு விட்டால், அவ்வளவு பேர் ஜெயிலுக்குப் போனது யாருக்காக?

இங்கிலீஷ் எழுத்து ஒடுக்கப்பட்டவன் கையில் கிடைத்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. செங்கற்பட்டு ஜில்லாக் கிராமத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், ஐ.சி.எஸ். பரீக்ஷையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டபோது, அப்படி நடத்தினால் மேல் ஜாதிக்காரர்களே எல்லா உத்தியோகத்தையும் பிடித்துக் கொண்டு எங்களை நசுக்குவார்கள் என்று 1890களில் லண்டன் பார்லிமெண்டுக்கு ஒரு மனு அனுப்பினார். அந்த மனு 112 அடி நீளம். அதில் 3,412 கையெழுத்துகள். தெருவில் நடக்க விடாத ஜாதியைச் சேர்ந்த ஜனங்களின் பேச்சு கடல் தாண்டிப் போய் ஒலித்ததற்கு அந்த எழுத்துதான் வாகனம். 1930ல் வட்டமேஜை மகாநாட்டில் அவரும் தோழர் அம்பேத்கரும் உட்கார்ந்து, தங்கள் ஜனங்களுக்கு வேண்டிய பாதுகாப்புகளைத் தாங்களே இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார்கள். 1936ல் லாகூரில் ஜாதி ஒழிப்புச் சங்கத்தார் அம்பேத்கரைத் தலைமை வகிக்கக் கூப்பிட்டு, அவர் எழுதி வைத்திருந்த பிரசங்கத்தைப் பார்த்துப் பயந்து கூட்டத்தையே ரத்துச் செய்தார்கள். அவர் என்ன செய்தார்? அதைத் தம் சொந்தச் செலவில் அச்சடித்து விட்டார். கூட்டம் நடந்திருந்தால் லாகூரில் சில நூறு பேர் கேட்டிருப்பார்கள். எழுத்தாக வந்தபடியால் 'குடி அரசு' மூலம் தமிழிலும் வந்து ஈரோட்டிலும் காஞ்சீபுரத்திலும் படித்தார்கள். நமது இயக்கமே 1928ல் ஈரோட்டிலிருந்து 'ரிவோல்ட்' என்று ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகை நடத்தியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். இவர்களில் யாராவது நோட்ஸில் இருந்து பாரா மனப்பாடம் செய்து எழுதினார்களா?

பரீக்ஷை மார்க்கு எழுத்தின் யோக்கியதைக்கு அளவுகோல் ஆகாது என்பதற்குக் கும்பகோணம் ராமானுஜத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அவர் கும்பகோணம் சர்க்கார் காலேஜில் இங்கிலீஷ் கட்டுரைப் பரீக்ஷையில் தவறி, அதனால் ஸ்காலர்ஷிப்பை இழந்தவர். அதே மனிதர் 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுக ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து கொண்டு கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். உலகத்துக் கணித சாஸ்திரிகள் இன்றைக்கும் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுகின்றார்கள். காரணம், சொல்லுவதற்கு அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. சொல்லித் தீர வேண்டும் என்ற அவசரமும் இருந்தது. கடிதத்தைப் பார்த்துச் சரி செய்து கொடுக்கப் படித்த சிநேகிதர்களும் பக்கத்தில் இருந்தார்கள் என்று சொல்லுகின்றார்கள். இருக்கட்டும். அந்தத் துணைதான் வேண்டும் என்று நாமும் சொல்லுகின்றோம். அக்கிரகாரத்தில் கிடைத்த அந்தத் துணை சேரியிலும் ஊரிலும் கிடைக்காது. ஆகவே பள்ளிக்கூடம் கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடமோ என்ன கொடுக்கின்றது? சிவப்பு மை. பிள்ளை தப்பித் தவறிச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி விட்டால், அதன் மேல் கோழி கிளறியதுபோல் கோடு கிழித்து விடுகின்றார்கள். அப்படிக் கிழிக்கப்படுகின்ற பிழைகள் என்ன என்று எடுத்துப் பார்த்தால் அவைகள் முட்டாள்தனமே அல்ல. "யெஸ்டர்டே மை பாதர் மார்க்கெட் வென்ட்" என்று ஒரு பையன் எழுதுகின்றான். நேற்று என் அப்பா சந்தைக்குப் போனார் என்று தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகின்றது. இங்கிலீஷில் நடுவில் வரவேண்டும். தமிழில் 'க்கு' என்பது சந்தையின் வாலில் ஒட்டிக் கொண்டு வருகின்றது. இங்கிலீஷில் அது 'டு' என்று தலைக்கு முன்னால் தனியாக நிற்கின்றது. இந்த இரண்டு சங்கதியையும் அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. "ஹி டீச்சர்" என்று ஒரு பெண் எழுதுகின்றாள். "அவர் வாத்தியார்" என்றால் தமிழில் முழு வாக்கியம் முடிந்து விட்டது. நடுவில் 'ஈஸ்' என்று ஒன்றும், 'எ' என்று ஒன்றும் எதற்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாததைப் போடவில்லை, தெரிந்ததைச் சரியாகத்தான் போட்டிருக்கின்றாள்.

இன்னொரு பிழை: "டிட் நாட் வென்ட்." இதற்குத் தமிழின் மேலும் பழி போட முடியாது. 'போகவில்லை' என்பதில் காலமே தெரிவதில்லை. பின் இது எங்கிருந்து வந்தது? நேற்று நடந்த காரியமானால் வினைச்சொல்லை மாற்ற வேண்டும் என்று உபாத்தியாயர் சொன்ன விதியைப் பிள்ளை நாணயமாக இரண்டு இடத்திலும் பிரயோகித்திருக்கின்றது. இங்கிலீஷ்காரன் வீட்டுக் குழந்தையும் 'கோ' என்பதோடு 'எட்' சேர்த்து 'கோயெட்' என்று சொல்லி விட்டுத்தான் பிறகு 'வென்ட்' என்று கற்றுக் கொள்ளுகின்றது. அந்தக் குழந்தையை எந்தத் தகப்பனும் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவதில்லை.

இது நமது சொந்தக் கற்பனை அல்ல. பிட் கார்டர் என்கின்ற இங்கிலீஷ் பாஷை அறிஞர் 1967லேயே, பிழை என்பது பிள்ளையின் மூளை வேலை செய்கின்றது என்பதற்கு அடையாளம் என்று எழுதி விட்டார். நியூயார்க் நகர சர்வகலாசாலை 1970ல் ஹைஸ்கூல் முடித்த நகரத்துப் பிள்ளைகள் யாவருக்கும் கதவைத் திறந்து விட்டது. கறுப்பர், போர்ட்டோரிக்கோக்காரர், ஏழை வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் அதுவரை காணாத கூட்டமாய் உள்ளே வந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்து, "இதுகள் உருப்படாது, காலேஜே கெட்டது" என்று அங்கிருந்த பெரிய மனிதர்களும் கூச்சல் போட்டார்கள். நம் ஊர்ப் பல்லவிதான், பாஷை மாத்திரம் வேறு. மினா ஷானெஸி என்னும் அம்மாள் அப்படிக் கூச்சல் போடாமல், சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். ஒவ்வொரு பிழைக்கும் ஒரு காரணம் இருக்கின்றது. அந்தக் காரணத்தைக் கண்டு கொண்டால் கற்பிக்கலாம் என்று 1977ல் ஒரு புத்தகமே எழுதினார். பிழையை எண்ணுகின்றவன் கணக்கப்பிள்ளை. காரணத்தைக் கேட்கின்றவரே உபாத்தியாயர்.

சிவப்பு மையைப் பற்றியும் மேல்நாட்டில் பெரிய வாதம் நடந்திருக்கின்றது. இலக்கணப் பிழையைத் திருத்துவதே வீண், கெடுதல் என்று ஜான் ட்ரஸ்காட் 1996ல் எழுதினார். அப்படியல்ல, பொறுக்கி எடுத்துத் தெளிவாகத் திருத்தினால் பிரயோஜனம் உண்டு என்று டானா பெர்ரிஸ் 1999ல் மறுத்து எழுதினார். இருவரில் யார் ஜெயித்தாலும், பக்கம் முழுவதும் கண்மூடித்தனமாகக் கோடு கிழிப்பதற்கு இருவரிடத்திலும் ஆதரவு இல்லை.

உபாத்தியாயர்கள் மேல் மாத்திரம் பழி போடுவது நமது நோக்கமல்ல. ஐந்து வகுப்பு, வகுப்புக்கு நாற்பது பிள்ளை என்றால் இருநூறு நோட்டு. இருநூறு நோட்டையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் காரணம் கண்டுபிடிக்க அவருக்கு என்ன பத்துத் தலையா இருக்கின்றது? மேலே இருந்து வருகின்ற அதிகாரியோ, "எத்தனை பேர் பாஸ்?" என்று கேட்கின்றாரே தவிர, "எத்தனை பேர் சொந்தமாக எழுதுகின்றார்கள்?" என்று கேட்பதில்லை. பாஸ் கணக்கு குறைந்தால் உபாத்தியாயருக்கு விளக்கம் கேட்டு மெமோ வருகின்றது. ஆகவே மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு என்று நாலு பக்கத்தில் ஒரு சரக்கு தயார் செய்து, "இதை மட்டும் உருப்போடு, கரையேறலாம்" என்று கொடுத்து விடுகின்றார்கள். கரையேறுவது உண்மை. ஆனால் ஏறிய கரை எது என்பதுதான் கேள்வி.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டோம். செய்து கொண்டே இருக்கின்றது! 1959ல் சென்னை ராஜ்யத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு ஆயிரக்கணக்கான ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். சிலர் கற்று, அவர்கள் பலருக்குக் கற்பித்து, உருண்டு உருண்டு பெருகுகின்ற பனிக்கட்டி உருண்டை போல என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நமது வட ஆற்காடு வெயிலில் பனி உருண்டை என்ன கதி அடையும் என்பதைப் பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை. வாயால் வாக்கிய அமைப்பைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவதோடு அது நின்றது. சொந்த எழுத்து வரை போகவில்லை. 2012-13 முதல் சர்க்கார் பள்ளிகளிலேயே இங்கிலீஷ் மீடியம் வகுப்புகளைத் திறந்தார்கள். போர்டு மாறியது, பெற்றோர்கள் சந்தோஷப்பட்டார்கள். இப்போது என்னவாயிற்று என்றால், முன்பு இங்கிலீஷ் பாடத்தை மாத்திரம் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளை, இப்போது சயன்ஸையும் சரித்திரத்தையும் சேர்த்து அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்கின்றது. 2018 முதல் புதுப் பாடப் புத்தகங்கள் வந்தன. முன்னைவிட நல்ல புத்தகங்களே. ஆனால் புத்தகம் வந்த மாதத்திலேயே அதற்கு நோட்ஸும் வந்து விட்டதே!

வேறு வழியே இல்லையா என்றால், வழி நமது பக்கத்திலேயே நடந்து காட்டப்பட்டிருக்கின்றது. என்.எஸ். பிரபு என்பவர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் ஒரு பரீட்சார்த்தம் செய்தார். இலக்கண விதியை ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஒரு ரயில்வே டைம்டேபிளைக் கொடுத்து, இந்த ஊருக்கு இத்தனை மணிக்குள் போக எந்த ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு படத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னார். பிள்ளைகளின் கவனம் விஷயத்தின் மேல் இருந்தால் பாஷை தானாகப் பின்னால் வரும் என்பதே அவருடைய கொள்கை. 1987ல் வந்த அவருடைய புத்தகத்தை உலகம் முழுவதும் பாஷை கற்பிக்கின்றவர்கள் படிக்கின்றார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைக்கு மாத்திரம் கைக்கடியார மாமா.

இப்போது புதிதாக ஒரு வாதம் கிளம்பியிருக்கின்றது. செல்போனில் தமிழில் சொன்னால் அதுவே இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுத்து விடுகின்றதே, இனி எழுதக் கற்றுக் கொள்ளுவானேன் என்கின்றார்கள். யந்திரம் வருவதை நாம் எப்போதும் வரவேற்கின்றவர்களே. ஆனால் அது எழுதிக் கொடுத்தது நீ சொன்னதுதானா என்று யார் பார்ப்பது? ஹைக்கோர்ட்டுப் பிரமாணப் பத்திரத்தில் கண்ணை மூடிக் கொண்டு கையெழுத்துப் போட்ட தகப்பனுக்கும், செல்போன் எழுதியதைக் கண்ணை மூடிக் கொண்டு அனுப்புகின்ற மகனுக்கும் என்ன வித்தியாசம்? எழுதத் தெரிந்தவனுக்கு அது வேலைக்காரன். தெரியாதவனுக்கு அதுவும் ஒரு அர்ச்சகன்தான்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? நாம் பிரமாதமான திட்டம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பணமும் அதிகம் வேண்டியதில்லை.

முதலில் பிள்ளை தனக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி எழுதட்டும். மல்லாட்டை மூட்டை என்ன விலைக்குப் போயிற்று, காலையில் வர வேண்டிய பஸ் ஏன் வரவில்லை, ஹாஸ்டலில் சாம்பார் எப்படி இருந்தது, கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் விட்டுப் போன குப்பையை யார் அள்ளினார்கள் என்று எழுதட்டும். எழுதுவதற்கு முன் பத்து நிமிஷம் தமிழிலேயே பேசி விஷயத்தைச் சேர்க்கட்டும். இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்கின்ற பைத்தியக்காரத்தனத்தை நிறுத்த வேண்டும். யோசனை தமிழில்தான் வரும். வந்த யோசனைக்கு இங்கிலீஷ் சட்டை தைப்பதுதானே வேலை? யோசனையே இல்லாமல் வெறும் சட்டையை மாட்டி வைத்தால் அது சோளக்கொல்லைப் பொம்மை.

பிறகு தினம் ஐந்து வரி போதும். இருநூறு நோட்டையும் உபாத்தியாயர் திருத்த வேண்டாம். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து, "இது எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லட்டும். உபாத்தியாயர் தினம் பத்து நோட்டை எடுத்துக் கொண்டு, இந்த வாரம் 'வென்ட்' எங்கே நிற்க வேண்டும் என்பது ஒன்றை மாத்திரம் பார்க்கட்டும். அடுத்த வாரம் 'ஈஸ்' மாத்திரம். மற்றப் பிழைகள் தங்கள் முறை வரும் வரை காத்திருக்கட்டும். ஓடிப் போய் விடாது. எழுதியதை ஒரு முறையோடு விடாமல், நாலு நாள் கழித்து அதே விஷயத்தைத் திரும்ப எழுதச் சொல்ல வேண்டும். பெரிய எழுத்தாளர்களே நாலு தரம் அடித்து எழுதுகின்றபோது, பிள்ளை மாத்திரம் முதல் தரத்திலேயே அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

எல்லாவற்றுக்கும் மேலாகப் பரீக்ஷை மாற வேண்டும். இதைச் செய்யாமல் மற்றதைச் செய்தால் ஒரு மாதம்கூட நிற்காது. மனப்பாடச் செய்யுளை எழுதினால் மார்க்கு, புத்தகத்துப் பாராவை ஒப்பித்தால் மார்க்கு என்று வைத்துக் கொண்டு, சொந்தமாக எழுது என்று உபதேசம் செய்வது, கள்ளுக்கடையைத் திறந்து வைத்துக் கொண்டு மதுவிலக்குப் பிரசாரம் செய்வது போலாகும். எந்த நோட்ஸிலும் இல்லாத கேள்வியாக ஒன்றிரண்டாவது கேட்க வேண்டும். அதில் பிழை இருந்தாலும் விஷயம் விளங்கினால் மார்க்குப் போட வேண்டும். உருப்போட்டது பிழையில்லாமல் இருந்தாலும், பாதிக்கு மேல் மார்க்கு கொடுக்கக் கூடாது.

இவைகளைச் சர்க்கார் செய்கின்றபோது செய்யட்டும். கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்துத் தோழர்கள் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பெற்றோர்கள் அடங்கிய மேலாண்மைக் குழு இருக்கின்றது. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது டேபிள் மேல் பிள்ளையின் இங்கிலீஷ் நோட்டை வைத்து, "இதில் என் பிள்ளை தானாக எழுதிய வாக்கியம் எது?" என்று கேளுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கேட்கலாம்; பக்கத்துப் பிள்ளையின் நோட்டையும் கூட எடுத்துப் போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எழுத்துத் தெரியாதவருக்கும் சங்கதி விளங்கி விடும். படிப்பகம் இருக்கின்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம், காலேஜில் படிக்கின்ற வாலிபர்கள் உட்கார்ந்து, பிள்ளைகள் எழுதியதைப் படித்துக் கேட்கட்டும். பெண் பிள்ளைகளையும் அவசியம் கூப்பிடுங்கள். அப்படி நடந்த ஊர்களில் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி, தங்கள் பெயரைப் போட்டு எழுதியது எதுவானாலும் ஒரு கார்டில் நமக்கு அனுப்பி வைத்தால், பிழைகளைத் திருத்தாமல் அப்படியே, தமிழ் விளக்கத்தோடு வாரம் ஒன்றாக இந்தப் பத்திரிகையில் போடுகின்றோம்.